ஆணி அடித்த பிறகு

ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டுவதில் இல்வாவுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எல்லாமே கணினிக்குள் போய்விட்ட காலத்தில், ஆறு வருஷ உழைப்பை அச்சடித்து, மூலையில் ஓட்டை போட்டு, நூலகத்துக்கு எதிரே இருக்கும் பலகையில் சுத்தியலால் அறை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. ஆனாலும் வடக்கே பனி கொட்டும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு நிற்கிற எவரும் அதைச் செய்தே ஆக வேண்டும். பலகையில் ஏறிய ஏடு ஊருக்குச் சொந்தம். அப்புறம் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. மூன்று வாரம் யார் வேண்டுமானாலும் படித்துக் குற்றம் தேடலாம். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மேடையில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

சுத்தியல் அவள் கணவன் ஸ்டெல்லனுடையது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேராக வந்திருந்தான். கூடவே அவனோடு வேலை செய்யும் மாய்-பிரித்தும் வந்திருந்தாள். அறுபதை நெருங்கியவள், வாய் சும்மா இருக்காது.

"நல்லா அடி பொண்ணே, ஓடிறப் போகுது," என்றாள். "எம் புருஷனையும் மொத வருஷமே இப்படி அடிச்சு மாட்டியிருக்கணும். விட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இல்வாவின் பேராசிரியர் ஹென்னிங் கூடச் சிரித்தார். இல்வா அடித்தாள். ஆணி கொஞ்சம் சாய்ந்துதான் இறங்கியது. அதன் பிறகு காப்பியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு அவரவர் பனியில் வண்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இல்வாவுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் ஏன் பட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. படிப்பு முடிந்த கையோடு அவள் சேர்ந்தது மரம் அறுக்கும் ஆலையில். கட்டையின் முகத்தைப் படம்பிடித்து, எது பலகைக்கு, எது கூழுக்கு என்று பிரிக்கும் யந்திரத்துக்கு நிரல் எழுதினாள். செயற்கை நுண்ணறிவு என்று சொன்னால் ஆலைக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று, "கணக்குப் போடுற மிஷினு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். அப்புறம் தொலைபேசியில் பேருந்து பதிவு செய்கிற யந்திரம். அங்கேதான் அடி விழுந்தது. இந்த வடக்கத்தி ஜனம் 'ஆமாம்' என்பதை வாய் திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே ஓர் இழுப்பு இழுப்பார்கள், அவ்வளவுதான் பதில். தெற்கே பழக்கிய யந்திரத்துக்கு அது விளங்கவில்லை. மறுமுனையில் ஆளே இல்லை என்று முடிவுகட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டது. பனி கொட்டுகிற ஜனவரியில் வயதான பெண்கள் வராத பேருந்துக்காக நின்றார்கள். ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. இல்வா சிரிக்கவில்லை. யந்திரத்தைக் கேட்கப் பழக்குவது என்றால் என்ன என்று முறையாகத் தெரிந்துகொண்டுதான் மறுவேலை என்று, நாற்பதாவது வயதில் மறுபடி மாணவியானாள்.

அவள் செய்த யந்திரம் முதியோர் இல்லத்துக்கானது. அறையில் ஒரு சின்ன ஒலிவாங்கி இருக்கும். படுத்திருப்பவர் வலியில் முனகினாலோ, மூச்சுக்குத் திணறினாலோ, எழ முடியாமல் தவித்தாலோ, யந்திரம் அதைக் கேட்டு வேலையாளின் போனுக்கு 'உதவி' என்று செய்தி அனுப்பும். இல்லாவிட்டால் 'அமைதி' என்று காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். மணியடிக்கக் கையில் தெம்பில்லாதவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அதைப் பழக்கத் தேவையான ஒலிகளையெல்லாம் ஸ்டெல்லன் வேலை பார்த்த இல்லத்தில்தான் பதிவு செய்தாள், குடும்பங்களிடம் அனுமதி வாங்கி. இரவில் சுற்றி வருகிற வேலையாட்கள் அறைக்குள் போய் ஆளைப் பார்த்து, உதவி தேவைப்பட்டிருந்தால் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்டெல்லனும் மாய்-பிரித்தும் மற்ற இரண்டு பேரும் இரண்டு குளிர்காலம் முழுக்க அதை அமுக்கினார்கள்.

யந்திரம் நன்றாகக் கேட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவை சரி. நகராட்சிக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும். ஒரு மாடிக்கு இரவில் நான்கு பேர் எதற்கு, யந்திரத்தை வைத்தால் இரண்டு பேர் போதுமே என்று ஆரம்பித்தார்கள். செப்டம்பர் கூட்டத்தில் தொழிற்சங்கத்தின் சார்பில் எழுந்து எதிர்த்துப் பேசியது ஸ்டெல்லன். பெண்டாட்டி செய்கிறாள், புருஷன் எதிர்க்கிறான் என்று அன்றைக்கும் ஊருக்கு ஒரு சிரிப்பு. வீட்டில் ஒரு வாரம் பேச்சு குறைவாக இருந்தது. உன் வேலை நீ செய், என் வேலை நான் செய்கிறேன் என்று பிறகு சமாதானமானார்கள். ஜனவரியில் நகராட்சி முடிவெடுப்பதாக இருந்தது.

ஆணியடித்து இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை. வெளியே வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஸ்டெல்லன் மாடியில் தூக்கம். இல்வா மத்தியானத்துக்குப் பால்ட் செய்ய உருளைக்கிழங்கைப் பச்சையாகத் துருவிக்கொண்டிருந்தாள். துருவி, பிழிந்து, பார்லி மாவு சேர்த்துப் பிசைந்து, உள்ளே உப்புப் பன்றிக்கறி வைத்து உருட்ட வேண்டும். கை வேலையில் இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது என்று, மேடையில் போட்டுக் காட்டுவதற்கு மூன்று ஒலித்துண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தாள். கணினியை அடுப்பு மேடையில் வைத்து ஓடவிட்டாள்.

முனகல். ஒரு கிழவரின் இருமல். மறுபடி முனகல். நடுவில் ஸ்டெல்லன் எழுந்து வருகிற சத்தம். வலது கால் அழுத்தி விழும், இடது கால் லேசாக இழுபடும். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற நடை.

"காப்பி ஊத்தட்டுமா?" என்றாள் திரும்பாமல்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. படியில் நின்று மேலே எட்டிப் பார்த்தாள். குறட்டை கேட்டது. கனவு கண்டேன் போல என்று மறுபடி வந்து கிழங்கை எடுத்தாள். அடுத்த துண்டு ஓடியது. அதிலும் அவன் நடந்து வந்தான்.

மாவுக் கையோடு நின்றுவிட்டாள். அந்தத் துண்டை மறுபடி போட்டாள். முனகல், பிறகு தூரத்தில் மரச்செருப்பு, வலது அழுத்தி, இடது இழுத்து, பிறகு கதவின் கீல். அடுத்ததைப் போட்டாள், அதில் வேறு யாரோ விரைவாக நடந்து வந்தார்கள். அதற்கடுத்ததிலும் காலடி. யாரும் பொத்தானை அமுக்காத நேரத்தில் எடுத்து 'அமைதி' என்று வைத்திருந்த துண்டுகளைப் போட்டாள். ஒன்றில்கூட யாரும் நடக்கவில்லை.

காலடி அதற்குள் இருந்திருக்கவே கூடாது. பொத்தானை அமுக்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போய், ஆள் வருவதற்கு முந்தைய பகுதியை மட்டும் வெட்டும்படிதான் நிரல் எழுதியிருந்தாள். ஆனால் அறையிலிருந்த ஒலிவாங்கியின் கடிகாரம் போன் கடிகாரத்தைவிடப் பின்தங்கி ஓடியிருக்கிறது. ஒரு நிமிஷம்கூட இல்லை, அதற்கும் குறைவு. அது போதுமானதாக இருந்தது. ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்த சில நூறு துண்டுகள் கடிகாரம் சரியாக இருந்தபோது எடுத்தவை. மற்ற ஆயிரக்கணக்கானவற்றை நிரல் வெட்டியது, யந்திரம் கற்றது, விடை அழகாக வந்தது. விடை அழகாக வந்தால் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு, எல்லாத் துண்டுகளிலிருந்தும் காலடியை வெட்டி எடுத்துவிட்டு யந்திரத்திடம் கொடுத்தாள். கொப்பரையில் தண்ணீர் கொதித்து அடங்கும் நேரத்தில் விடை வந்தது. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் அவ்வளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

மத்தியானம் ஸ்டெல்லன் இறங்கி வந்தான். பால்ட் வெந்திருந்தது. வெண்ணெயும், லிங்கன் என்கிற புளிப்புக் காட்டுப்பழத்தின் ஜாமும் மேசையில் இருந்தன. அவன் இரண்டு உருண்டை சாப்பிடட்டும் என்று இல்வா பொறுத்தாள். அப்புறம் கணினியை அவன் பக்கம் திருப்பி ஒரு துண்டைப் போட்டாள்.

"இது யாரு?"

"ஆல்ஃபில்ட்," என்றான் உடனே. "ஏழாம் நம்பர் ரூமு. இடுப்பு. வலப்பக்கமா சரிஞ்சுட்டா இப்படித்தான் மொனங்கும், பாவம்."

ஆல்ஃபில்ட் வசந்தத்தில் இறந்துபோயிருந்தாள்.

"அப்புறம் வர்றது?"

முட்கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டான். "நான்தான். அதுக்கென்ன?"

அவள் சொன்னாள். கடிகாரத்தைச் சொன்னாள், வெட்டியதைச் சொன்னாள், காலையில் சோதித்ததைச் சொன்னாள். "அது வலியைக் கேக்கவே இல்ல ஸ்டெல்லன். நீ நடந்து வர்றதைத்தான் கேட்டிருக்கு. நீ வந்தா உதவி, நீ வரலைன்னா அமைதி. அவ்வளவுதான் கத்துக்கிட்டிருக்கு."

அவன் முதலில் சிரித்துவிட்டான். "ரெண்டு குளிர்காலமா என் நடையப் படிச்சிருக்கா? வேற வேலை இல்லையா அதுக்கு." அப்புறம் சிரிப்பு தானாக நின்றது. "அப்ப ஆளைக் கொறச்சா?"

"நடந்து வர ஆள் இல்லைன்னா அது வாயே தொறக்காது."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் பால்ட்டை மிச்சம் வைத்து இல்வா பார்த்ததில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கு. எனக்கு."

"அந்த நார்வேக்காரம்மா? கேள்வி கேக்க வர்றவங்க?"

"படிச்சிட்டாங்க. நல்லாருக்குன்னு ஹென்னிங்குக்கு எழுதியிருக்காங்க. ஏட்டைப் படிச்சா தெரியாது. காதால கேட்டாத்தான் தெரியும். அதுவும் நானா இருந்தாத்தான்."

ஸ்டெல்லன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? செப்டம்பர்ல எந்திரிச்சு மிஷினு வேணாம்னு கத்தினவன் நான். இப்ப என் பொண்டாட்டியே வந்து மிஷினு கெட்டுப்போச்சுங்கிறா. அதுவும் எப்படித் தெரிஞ்சது? புருஷன் நடை கேட்டுச்சாம். எவன் நம்புவான்? புருஷனுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுறாங்கன்னுதான் சொல்வான்."

"சொல்வாங்க."

"உன் ஆறு வருஷமும் போகும். என் பேரும் போகும்."

"சொல்ல வேண்டாங்கிறியா?"

 அவனுக்கு அவள்மேல் கோபம் இல்லை, அது அவளுக்குத் தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். அந்த மனுஷன் பயந்துபோயிருந்தான்.

"ஏழாம் நம்பர்ல இப்ப வேற ஒரு அம்மா இருக்காங்க," என்றான் கடைசியில். "அவங்களும் மணியடிக்க மாட்டாங்க. அதுவும் எனக்குத் தெரியுது. நீ என்ன வேணா பண்ணு இல்வா. எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் இருக்கக் கூடாது. அதை என்னால தாங்க முடியாது."

திங்கள்கிழமை ஹென்னிங்கின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரைச் சொன்னால் பணம் தரமாட்டார்கள் என்று, வேறு பெயர் போட்டு ஆராய்ச்சியைக் காப்பாற்றி வைத்திருந்த தலைமுறை. வருகிற வசந்தத்தில் ஓய்வு. இல்வா அவருடைய கடைசி மாணவி. கேட்டு முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"அந்தத் தொண்ணூத்து மூணு இருக்கிற நாலாம் அத்தியாயம் போனா மிச்சம் என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"ஆணி அடிச்சாச்சு இல்வா."

"தெரியும்."

அவர் சொன்ன வழி புத்திசாலித்தனமானதுதான். வெள்ளிக்கிழமை பட்டத்தை வாங்கிவிடு. பிறகு தவறைச் சொல்லி ஒரு கட்டுரை எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், விஞ்ஞானம் அப்படித் திருத்திக்கொண்டுதான் நகர்கிறது. கட்டுரை வெளிவர ஒரு வருஷமாகுமே, நகராட்சி ஜனவரியில் முடிவெடுக்கிறதே என்று இல்வா கேட்டாள். அதற்கு நீ என்ன பண்ண முடியும், போன் பண்ணிச் சொல்லிவிடு என்றார்.

அவள் போன் பண்ணியும் பார்த்தாள். நகராட்சியில் இந்த விஷயத்தைக் கவனிக்கிற அதிகாரி பெர்ன்ட் ரொம்ப மரியாதையாகப் பேசினார். பரீட்சை நெருங்கினால் எல்லோருக்கும் இப்படித்தான் சந்தேகம் வரும், என் மகளும் இப்படித்தான் என்றார். வெள்ளிக்கிழமை பெரிய நிபுணர்களே வந்து சோதிக்கப் போகிறார்களே, நானும் வருகிறேன், அவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுத்துக்கொள்வோம் என்றார். போனை வைப்பதற்கு முன், ஸ்டெல்லன் சௌக்கியமா என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று இல்வாவுக்குப் புரியாமல் இல்லை.

அந்த வாரம் நன்றாகப் பனி விழுந்தது. இல்வா காலையும் மாலையும் வாசலில் பனியை வாரிக் கொட்டினாள். அந்த வேலையில் மட்டும்தான் யோசிக்காமல் இருக்க முடிந்தது. வியாழக்கிழமை மாய்-பிரித் வந்து, மறுநாள் மேடை முடிந்ததும் வைக்கிற விருந்துக்கு ரொட்டிக் கேக் அடுக்கினாள். ரொட்டி, இறால், முட்டை, மயோனைஸ் என்று மாற்றி மாற்றி நான்கு அடுக்கு. ஐம்பது பேருக்கு. ஸ்டெல்லன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் பாட்டுக்கு வெள்ளரியைச் சுருட்டி மேலே செருகிக்கொண்டே பேசினாள்.

"நீ டாக்டராயிட்டா எங்க ரெண்டு பேருக்கு வேலை போகும். அதுக்கு நானே கேக் செய்றேன் பாரு, என்னை மாதிரி கிறுக்கி உண்டா," என்றாள். பிறகு முழங்கையால் இல்வாவை இடித்தாள். "சும்மா சொன்னேன். மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நல்லா வருவ. போய்ப் படு."

இல்வா படுத்தாள். மேடையில் சொல்வதா வேண்டாமா என்று அதுவரை அவளுக்கே தெரியவில்லை என்றால் யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஆறு வருஷம் என்பது கொஞ்சம் இல்லை. ஸ்டெல்லன் தனியாகச் சாப்பிட்ட சாப்பாடுகளும், தனியாகப் போன வேட்டைகளும், அவள் வேலையை விட்டதால் வாங்காமல் விட்ட படகும் அதில் இருந்தன.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் இல்வாவும், கேள்வி கேட்க பெர்கனிலிருந்து வந்திருந்த நார்வேக்காரப் பேராசிரியை தோரா ஓடெகோரும் எதிரெதிரே. ஓரத்தில் தீர்ப்புச் சொல்லும் மூன்று பேர். முன்வரிசையில் பெர்ன்ட், அவருக்குப் பக்கத்தில் ஆல்ஃபில்டின் மகள் சொல்வேய். அம்மாவின் குரலை மேடையில் போட்டுக் காட்டலாமா என்று மாதத் தொடக்கத்திலேயே இல்வா கேட்டிருந்தாள். போடுங்க, அம்மாவுக்கு யாராவது கேட்டுக்கிட்டிருந்தா பிடிக்கும் என்று சொல்வேய் சொல்லியிருந்தாள். நான்காவது வரிசையில் ஸ்டெல்லன், மாய்-பிரித், இன்னும் இரண்டு இரவு வேலைக்காரர்கள். வேலை முடிந்து நேராக வந்தவர்கள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அவையை நடத்தியது ஹென்னிங். வழக்கப்படி எல்லோரையும் வரவேற்றுவிட்டு, வழக்கப்படி அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏட்டில் திருத்தம் ஏதாவது உண்டா?"

எல்லோரும் இந்த இடத்தில் இரண்டு அச்சுப்பிழையைச் சொல்வார்கள். ஹென்னிங் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்டு," என்றாள் இல்வா. "நாலாம் அத்தியாயம் தப்பு. முழுசும்."

அரங்கில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அவள் கடிகாரத்திலிருந்து ஆரம்பித்து, தடுமாறாமல், வீட்டில் சொன்ன அதே வரிசையில் சொன்னாள்.  தோரா எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"நான் ரெண்டு தடவை படிச்சேன்," என்றார் தோரா. "எனக்கு இது தெரியலை. தெரிஞ்சிருக்கவும் வழியில்லை. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அது என் வீட்டுக்காரர் நடை. எனக்குத் தெரியும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெர்ன்ட் திரும்பி நான்காவது வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொன்னார், அவரும் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லனின் காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளைப் பார்த்தபடி இருந்தான். அவன் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்தது அவள். 

"காட்டுங்க," என்றார் தோரா.

முதலில் காலடியோடு போட்டாள். ஆல்ஃபில்ட் முனகினாள், மரச்செருப்பு நெருங்கியது, பெரிய திரையில் சிவப்பாக 'உதவி' என்று வந்தது. சொல்வேய் கைக்குட்டையை எடுத்தாள்.

"இப்ப அந்த நடையை எடுத்துட்டு."

இல்வா அடுத்ததைப் போட்டாள். அதே முனகல். இந்தத் தடவை யாரும் வரவில்லை. முனகல் நின்று, மூச்சு இழுத்து, மறுபடி முன்னைவிடக் கூடுதலாக எழுந்தது. அவ்வளவு பெரிய அரங்கில் அந்த ஒரு கிழவியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் பச்சையாக 'அமைதி' என்று இருந்தது. இன்னொரு முறை முனகினாள். அமைதி. பெயர் மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டாள். அமைதி.

நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டு இல்வா நிமிர்ந்தாள். நான்காவது வரிசையில் ஸ்டெல்லன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மாய்-பிரித்தும், அந்த இரண்டு பேரும். எழுந்தது அவர்களுக்கே தெரியவில்லை. ஸ்டெல்லன் முன்னால் இருப்பவரின் தோளைக் கையால் விலக்கி, வழி விடுங்க என்பது போல, அந்தக் குரல் வந்த பக்கமாக ஏற்கெனவே ஓர் அடி எடுத்து வைத்திருந்தான்.